தள்ளுபடியில என்ன சார் வேற?

2020 ஏப்ரல் மாதக் கடைசி. ஊரடங்கு நடந்துகொண்டிருந்தது. எங்கள் நாளிதழின் டெஸ்க்கில் பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தது நாங்கள் நான்கு பேர்தான். மதியம் மூன்று மணிக்கு நான் போய் உட்கார்ந்ததும் போன் அடித்தது.

“சார், பேப்பர் ஆபீசுங்களா? முதல் பக்கத்துல 68,607 கோடி கடன் தள்ளுபடின்னு போட்டிருக்கீங்க. அதுல வேன் லோனும் வருங்களா?”

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனைக் கடனில் வாங்கி ஓட்டுகிறவர் அவர். பள்ளி மூடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வண்டி வாசலில் சும்மா நிற்கிறது, கையில் காசு இல்லை, தவணைத் தேதி வந்துகொண்டே இருக்கிறது.

“இல்லைங்க, அது பெரிய கம்பெனிகளோட கடன்” என்றேன்.

“அப்ப அவங்க கட்ட வேண்டாமா?”

“அவங்களும் கட்டணும்ங்க. இது வேற தள்ளுபடி.”

“தள்ளுபடியில என்ன சார் வேற?”

அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், பதிலுக்காகக் காத்திருந்தார். பன்னிரண்டு வருடம் டெஸ்க்கில் உட்கார்ந்து எத்தனையோ முறை அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தவன் நான். அந்த நிமிடம் அவருக்குப் புரிகிற மாதிரி இரண்டு வாக்கியம்கூட என்னிடம் இல்லை. ஏதோ இழுத்துச் சொன்னேன். “சரிங்க சார்” என்று வைத்துவிட்டார். அந்தத் தலைப்பை வைத்ததும் நான்தான்.

அந்தச் செய்தி இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு ரிசர்வ் வங்கி ஒரு பதில் கொடுத்திருந்தது. கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்கள் என்று வங்கிகள் அறிவித்தவர்களில் முதல் 50 பேரின் கடன், 2019 செப்டம்பர் 30 நிலவரப்படி 68,607 கோடி ரூபாய், ‘ரைட்-ஆஃப்’ செய்யப்பட்டிருக்கிறது என்றது அந்தப் பதில். ஊரை ஏமாற்றியவர்களின் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் சொல்ல, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஏப்ரல் 28 அன்று இரவு நீண்ட விளக்கம் கொடுத்தார்: ரைட்-ஆஃப் வேறு, வெய்வர் வேறு, கடனை வசூலிக்கும் நடவடிக்கை தொடர்கிறது என்று.

ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்ததால் அங்கே சண்டையாவது போட முடிந்தது. தமிழில் இரண்டுக்குமே நாங்கள் ‘தள்ளுபடி’ என்றுதான் எழுதிவந்தோம். ‘கடன் தள்ளுபடி வேறு, கடன் தள்ளுபடி வேறு: நிதியமைச்சர்’ என்றா தலைப்பு வைப்பது? அன்று இரவு அந்த விளக்கத்தை மொழிபெயர்த்தபோதே எனக்கு இடித்தது. பக்கம் போகும் நேரம். பழகிய சொல்லையே போட்டு அனுப்பிவிட்டேன்.

போனை வைத்த பிறகு வேலை ஓடவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மளிகைக் கடைக் கடன் நோட்டை வைத்து யோசித்தபோதுதான் எனக்கே தெளிவாகியது.

கடைக்காரர் நோட்டில் ஒருவர் பெயரில் 5,000 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். ஆள் பல மாதமாக இந்தப் பக்கம் வரவே இல்லை. வருடக் கடைசியில் கடைக்காரர் லாப நட்டக் கணக்குப் போடும்போது, இந்த 5,000 வரும் என்று நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவார். அதனால் அதை நட்டமாக எழுதிவிட்டு, அந்தப் பெயரைத் தனி நோட்டுக்கு மாற்றிக்கொள்கிறார். நாளைக்கே அந்த ஆள் தெருவில் எதிரே வந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்பார். கடன் கடனாகவே இருக்கிறது. இது ரைட்-ஆஃப்.

அதே கடையில், ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து “அந்தப் பையன் கணக்கை நான் தீர்த்துடறேன், அவன்கிட்ட இனிமே கேக்காதீங்க” என்று சொன்னால் அது வெய்வர். கடன்காரனுக்கும் கடைக்காரருக்கும் இடையே இனி எதுவும் இல்லை. விவசாயக் கடன் தள்ளுபடியில் அந்தப் பெரியவர் இடத்தில் அரசாங்கம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்துக்கு வர வேண்டிய பணத்தை அரசு, பெரும்பாலும் சில ஆண்டுகளில் தவணை தவணையாக, கொடுக்கும்.

வங்கியில் தவணை 90 நாளுக்கு மேல் வராமல் நின்றால் அது வாராக்கடன் ஆகிறது. அதற்காக வங்கி தன் லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். வருடம் ஆக ஆக ஒதுக்கீடு கூடும். நான்கு ஆண்டு ஆகி, முழுத் தொகைக்கும் ஒதுக்கி முடித்த கடன்களைத்தான் பொதுவாக இருப்புநிலைக் கணக்கிலிருந்து (பேலன்ஸ் ஷீட்) எடுக்கிறார்கள். எடுத்த பிறகும் அடமானச் சொத்தை 2002-ஆம் ஆண்டு சர்பேசி சட்டத்தில் ஏலம் விடலாம், கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கம்பெனி என்றால் 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் இழுக்கலாம். எவ்வளவு வசூலாகிறது என்பது பெரிய கேள்வி. அதைக் கேட்கத்தான் வேண்டும், உரக்கவே கேட்க வேண்டும். ஆனால் ‘தள்ளுபடி’ என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. தள்ளுபடியான கடனில் வசூல் என்ன வேண்டியிருக்கிறது என்று வாசகர் நினைத்துவிடுவார். சொல் தவறியதில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். சாதாரண ஆளுக்குப் பொய்யான நம்பிக்கை வருகிறது, பெரிய ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வி மறைகிறது. இரண்டு பக்கமும் நட்டம்.

இன்னொரு சிக்கலும் அந்த நாட்களிலேயே இருந்தது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதி கொடுத்திருந்தது, பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. நாங்கள் ‘தவணை தள்ளிவைப்பு’ என்று எழுதினோம். தள்ளிவைப்பு, தள்ளுபடி. டீக்கடையில் ஒருவர் படிக்க நான்கு பேர் கேட்கிற இடத்தில் இந்த இரண்டுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்? தள்ளிவைத்த மாதங்களுக்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அக்டோபரில், 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த ஆறு மாத ‘வட்டிக்கு வட்டி’யை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. வட்டிக்கு வட்டி மட்டும்தான், வட்டி இல்லை. அதையும் பல இடங்களில் ‘வட்டி தள்ளுபடி’ என்று சுருக்கினார்கள். எங்கள் பக்கத்திலும் ஒரு நாள் அப்படித்தான் போனது, மறுநாள் திருத்தினோம்.

இந்தச் சொல் என்னை முதன்முதலில் தொந்தரவு செய்தது 2008-இல். டெஸ்க்கில் பயிற்சிக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பிப்ரவரி 29 அன்று நிதியமைச்சர் ப. சிதம்பரம் பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்தார், 60,000 கோடி ரூபாய். டெல்டா பதிப்பு முழுக்க அதுதான் செய்தி. கடைகளில் தொங்கவிடும் போஸ்டருக்கு மூன்று சொல் போதும்: ‘விவசாயக் கடன் தள்ளுபடி’. மறுநாள் காலையில் நன்னிலம் பக்கத்திலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு வாரம் கழித்து விவரம் தெளிவாகியது. 2007 மார்ச் 31 வரை வாங்கி, அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் தவணை தவறி, 2008 பிப்ரவரி 29 வரையும் கட்டாமல் நிற்கும் கடனுக்குத்தான் திட்டம். அதிலும் ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே முழுத் தள்ளுபடி. அதற்கு மேல் நிலம் இருந்தால் நிலுவையில் 75 சதவீதத்தை நாம் கட்டினால், 25 சதவீதத்தை விடுவார்கள். பெரியப்பாவுக்கு ஏழு ஏக்கர். அதோடு, பெரியம்மாவின் வளையலை அடகு வைத்து நவம்பரிலேயே கடனைக் கட்டி முடித்திருந்தார்.

“நாணயமா கட்டினவனுக்கு ஒண்ணும் இல்லையா தம்பி? நீங்கதானே போட்டீங்க, கடன் தள்ளுபடின்னு.”

நாங்கள் பொய் எழுதவில்லை. கடன் தள்ளுபடிதான். திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே தள்ளுபடி, நிவாரணம் என்று இரண்டும் தனித்தனியாக இருந்தன. எங்கள் தலைப்பில் ஒன்றுதான் மிஞ்சியது. பெரியப்பா போன்றவர்களுக்கு அந்தச் சொல்லில் இருந்தது வெறும் ஏமாற்றம்.

இப்போது நினைத்தால், பெரியப்பா அந்தச் சொல்லைப் புரிந்துகொண்ட விதத்தில் தப்பே இல்லை. வீட்டில் நாம் எல்லாரும் தள்ளுபடி என்ற சொல்லை முதலில் கற்றுக்கொள்வது துணிக்கடையில். ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடி. அங்கே அந்தச் சொல் எப்போதும் வாங்குகிறவர் பக்கம்தான் நிற்கும். கேட்டதும் முகம் மலரும். செல்லுபடி, கட்டுபடி என்று அதன் கூடப்பிறந்த மாதிரி இருக்கும் சொற்களும் சந்தை வாடை உள்ளவைதான். விலையில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு மீதியைக் கொடுக்கிறோம். அதே சொல் கடன் செய்திக்குப் போகும்போது, அந்த நல்ல முகத்தோடேயே போகிறது. கோர்ட்டுக்குப் போகும்போதுதான் முகம் மாறுகிறது.

கோர்ட் விஷயத்தை என் அத்தை மூலம்தான் கற்றேன். அவர் ஒரு பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருந்தார், பல வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு வளைகாப்பில் பார்த்தபோது ஆள் பாதியாகியிருந்தார். “கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சுடா. வக்கீல் குமாஸ்தா சொல்லிட்டார். என் அப்பா வீட்டுல எனக்கு ஒண்ணுமில்லேன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு” என்று அழுதார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அப்பீல் போகலாம் அத்தை என்று ஆறுதல் சொன்னேன். தினமும் நான்கைந்து ‘மனு தள்ளுபடி’ எழுதுகிறவன், என்ன காரணத்துக்காகத் தள்ளுபடி என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் உத்தரவின் நகலைப் பார்த்தேன். வாய்தா அன்று வாதி தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்பதற்காகத் தள்ளுபடி. குமாஸ்தாக்கள் ‘டிபால்ட்டில் போச்சு’ என்பார்கள். அத்தைக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதைக் கோர்ட் பார்க்கவே இல்லை. இப்படிப் போன வழக்கை, வராததற்கு நியாயமான காரணம் காட்டி மீண்டும் கோப்பில் எடுக்கச் சொல்லலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஒன்பதாவது கட்டளை, ஒன்பதாவது விதி. அதற்கு 30 நாள் கெடு. எதிர்தரப்பு வந்திருந்து நாம் வராமல் போயிருந்தால், அதே காரணத்துக்குப் புதிதாக இன்னொரு வழக்கும் பொதுவாகப் போட முடியாது, இந்த வழிதான். நாங்கள் பார்த்தது 41-ஆம் நாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, கோப்பில் எடுக்கச் சொல்லி ஒரு மனு, எதிர்தரப்பின் ஆட்சேபணை, கடைசியில் செலவுத்தொகை கட்டச் சொல்லி அனுமதித்தார்கள். அன்றைக்கு காய்ச்சலில் படுத்திருந்ததற்கான டாக்டர் சீட்டு அத்தையிடம் பத்திரமாக இருந்ததால் தப்பித்தோம்.

குமாஸ்தாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தள்ளுபடி என்பது வழக்குக் கட்டின் மேல் எழுதும் ஒரு குறிப்பு. அத்தைக்கு அது தீர்ப்பு.

அதற்குப் பிறகு கோர்ட் செய்தி கைக்கு வந்தால் எந்த வகைத் தள்ளுபடி என்று பார்க்க ஆரம்பித்தேன். இரு தரப்பையும் விசாரித்து, உன் கோரிக்கை சரியில்லை என்று சொல்வது ஒரு வகை. ஆள் வராததால் போவது இன்னொன்று. ‘வாபஸ் பெற்றதால் தள்ளுபடி’ என்று ஒன்று உண்டு. நீதிபதிகள் கேள்வி கேட்கக் கேட்க, இது தேறாது என்று வக்கீலே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வார், சில நேரம் வேறு மன்றத்துக்குப் போக அனுமதியும் வாங்கிக்கொள்வார். ‘முடித்துவைப்பு’ என்பது தள்ளுபடியே இல்லை. மனுவைப் பரிசீலித்து முடிவெடுங்கள் என்று கலெக்டருக்கு உத்தரவு போட்டு முடித்துவைத்தால், மனு போட்டவருக்கு ஏதோ கிடைத்திருக்கிறது. அதையும் அவசரத்தில் தள்ளுபடி என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

உச்ச நீதிமன்றத் தள்ளுபடி இன்னும் நுட்பமானது. அரசியல் சட்டத்தின் 136-ஆவது பிரிவில் சிறப்பு அனுமதி மனு போடுவார்கள். காரணம் எதுவும் சொல்லாமல் ஒரே வரியில் அதைத் தள்ளுபடி செய்தால், ‘உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது’ என்று எழுத எல்லாருக்கும் கை வரும். அப்படி அர்த்தம் இல்லை. மேல்முறையீட்டுக்கு அனுமதி கொடுக்கும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. குன்ஹயம்மது எதிர் கேரள அரசு என்ற வழக்கில் 2000-ஆம் ஆண்டு மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு நிற்கிறது என்று எழுதலாம். உறுதி செய்தது என்று எழுத, உச்ச நீதிமன்றம் வழக்கின் உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு புரூஃப் ரீடர் இருந்தார், ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. கோர்ட் செய்தியில் ‘தள்ளுபடி’ வந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு ஓரத்தில் ‘யாருது?’ என்று எழுதி அனுப்புவார். முதலில் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகுதான் அந்த ஒரு கேள்வியின் மதிப்பு தெரிந்தது. ‘முன்னாள் அமைச்சர் வழக்கு தள்ளுபடி’ என்று ஒரு தலைப்பு. அவர் போட்ட வழக்கா, அவர் மேல் போட்ட வழக்கா? ஒன்றில் அவர் தோற்றார், இன்னொன்றில் ஜெயித்தார். தலைப்பை மட்டும் படித்துவிட்டு பஸ் ஏறுகிறவர் எதை எடுத்துக்கொண்டு போவார்?

எதிர்மறை மேல் எதிர்மறையாக வரும் தலைப்பு அதைவிட மோசம். ‘தடை நீக்கத்தை ரத்து செய்யக் கோரிய மனு தள்ளுபடி’. இதைப் படித்து, இப்போது தடை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல எனக்கே விரல் விட்டு எண்ண வேண்டும். தடை இல்லை. அப்படியென்றால் அதையே தலைப்பில் சொல்லிவிட வேண்டியதுதானே: ‘தடை இல்லை: ஐகோர்ட்’. மனுவுக்கு என்ன ஆனது என்பது கோர்ட் கட்டுக்கு வேண்டிய விவரம். நாளைக் காலையில் என்ன நிலைமை என்பதுதான் வாசகருக்கு வேண்டும்.

ஜாமீன் மனு தள்ளுபடி என்றால் குற்றவாளி என்று கோர்ட் சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். இப்போதைக்கு வெளியே விட முடியாது என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. சூழ்நிலை மாறினால் அவரே மறுபடியும் மனு போடலாம். அதனால் செய்தியின் கடைசி வரியில் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சேர்க்கிறோம். விசாரணை நடக்கிறது, குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை, இப்படி ஏதாவது ஒன்று.

வேட்புமனுவில் நான் ‘நிராகரிப்பு’ என்றே எழுதுகிறேன். தேர்தல் அதிகாரி கையெழுத்தையும் முன்மொழிந்தவர்களையும் சரிபார்த்து, பொருந்தாததை ஒதுக்குகிறார். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு ஒரே நாளில் நிராகரிப்பு, ஏற்பு, மறுபடி நிராகரிப்பு என்று போனபோது எங்கள் டெஸ்க் தலைப்பை மூன்று முறை மாற்றியது. அன்று ஒரு விஷயம் கண்டேன். ‘நிராகரிப்பு’ என்ற சொல்லைப் பார்த்து யாரும் போன் செய்து இதன் அர்த்தம் என்ன என்று கேட்கவில்லை. ஒரு வேலை மட்டுமே பார்க்கும் சொல் அப்படித்தான் இருக்கும்.

பிறகு ஏன் தள்ளுபடியை விடமாட்டேன் என்கிறோம்? இடம். ‘தள்ளுபடி’ ஐந்தே எழுத்து. ‘கணக்கிலிருந்து நீக்கம்’ என்று எழுத பன்னிரண்டு எழுத்து வேண்டும். இரண்டு பத்தித் தலைப்பில் அது உட்காராது, போஸ்டரில் சுத்தமாக உட்காராது. சொல் தேர்வில் பாதியை அர்த்தம் தீர்மானிக்கிறது, மீதியைப் பத்தியின் அகலம் தீர்மானிக்கிறது. வெளியில் இருப்பவர்கள் இதை உள்நோக்கம் என்று நினைப்பார்கள். சில இடங்களில் உள்நோக்கமும் இருக்கலாம். என் மேசையில் நடந்ததெல்லாம் அகலத்தால் நடந்தது, அதற்காகப் பொறுப்பு குறைந்துவிடாது.

2021-இல் இரண்டு தடவை வாய்ப்பு வந்தது. பிப்ரவரி 5 அன்று முதல்வர் பழனிசாமி, கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆட்சி மாறி செப்டம்பரில், கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. முதல் அறிவிப்பு கிட்டத்தட்ட சொல்லுக்கு நேரான தள்ளுபடி. அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகைக்கடன்தான் நிபந்தனைகள் நிறைந்தது. குடும்பத்தில் எல்லார் பெயரிலும் உள்ள அடகைக் கூட்டி 40 கிராமைத் தாண்டினால் கிடையாது, அரசு ஊழியர் குடும்பத்துக்குக் கிடையாது. அந்த முறை செய்தி ஆசிரியரிடம் கெஞ்சி, செய்திக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டி வாங்கினேன். ‘யாருக்குக் கிடைக்காது’ என்று அதற்குத் தலைப்பு. வழக்கமாக ‘யாருக்குக் கிடைக்கும்’ என்றுதான் போடுவோம். பெரியப்பா நினைவில் மாற்றிப் போட்டேன். அந்தப் பெட்டியைப் படித்துவிட்டுக் கூப்பிட்டவர்கள் திட்டத்தைத் திட்டினார்கள், எங்களைத் திட்டவில்லை.

இந்த வருடங்களில் எனக்கென்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. தள்ளுபடி என்று எழுதும்போது, தள்ளியது யார், எதை, எங்கே என்று பார்த்துவிடுவேன். கடைக்காரர் விலையில் ஒரு பங்கைத் தன் லாபத்திலிருந்து தள்ளுகிறார். நீதிபதி கோரிக்கையைக் கோர்ட்டுக்கு வெளியே தள்ளுகிறார். அரசு, கடனை விவசாயியின் தலையிலிருந்து இறக்கித் தன் கஜானாவுக்குத் தள்ளுகிறது. வங்கி, கடனை ஒரு ஏட்டிலிருந்து இன்னொரு ஏட்டுக்குத் தள்ளுகிறது. ‘எங்கே’ என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முதல் பத்தி தானாக வந்துவிடும். பதில் தெரியவில்லை என்றால் செய்தியாளரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன், பதில் வரும் வரை தலைப்பு வைப்பதில்லை.

படிக்கிறவர்களுக்கும் இது உதவும். செய்தியில் உங்களைப் பாதிக்கும் தள்ளுபடி வந்தால் எந்தத் தேதி நிலவரப்படி என்று முதலில் தேடுங்கள், கடன் செய்திகளில் உயிர் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. அரசாணை வரும் வரை தவணையை நிறுத்தாதீர்கள். உங்கள் கடனை ரைட்-ஆஃப் செய்துவிட்டோம் என்று வங்கியில் யாராவது சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் அது கறுப்புப் புள்ளியாக விழும், அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். பேசி ஒரு தொகைக்கு முடித்துக்கொண்டால், நிலுவை இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். கோர்ட் வழக்கு தள்ளுபடி என்று யார் சொன்னாலும் அன்றைக்கே உத்தரவின் நகலைக் கேளுங்கள். என் அத்தை அழுத ஒரு மாதமும் கெடுவில் கழிந்துகொண்டிருந்த நாட்கள்தான்.

வேன்காரரின் நம்பரை நான் அன்று குறித்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் போனில் வந்த அழைப்பு. திருப்பிக் கூப்பிட வழியில்லை. அவர் தவணையை நிறுத்தினாரா, தள்ளிவைப்பை எடுத்துக்கொண்டாரா, வண்டி இன்னும் அவரிடம் இருக்கிறதா, எதுவும் தெரியாது.

ரைட்-ஆஃப்புக்குத் தலைப்பில் உட்காரும் ஒரு தமிழ்ச் சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ‘கணக்கு நீக்கம்’ என்று ஒரு முறை போட்டோம், வங்கிக் கணக்கையே மூடிவிட்டார்களா என்று கேட்டார்கள். ‘ஏட்டிலிருந்து நீக்கம்’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஏடு என்ற சொல் இளைஞர்களுக்குத் தூரமாகிவிட்டது. இப்போதைக்கு ‘வாராக்கடன்: கணக்கிலிருந்து நீக்கின வங்கிகள்’ என்று எழுத்தின் அளவைக் குறைத்து வைக்கிறோம். பக்கம் வடிவமைக்கும் தம்பி ஒவ்வொரு முறையும் முகம் சுளிப்பார். அப்புறம் செய்தியின் முதல் பத்தியில், எவ்வளவு இடநெருக்கடி இருந்தாலும் வெட்டக்கூடாத ஒரு வரி: ‘கடன் வாங்கியவர்கள் அதைத் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும்.’